வெட்டிப் போட்ட நிமிடங்களில் தூங்கியவர்கள்

ஒரு கல்யாண வீடியோவிலோ காதுகுத்து வீடியோவிலோ வேண்டாம் என்று வெட்டிப் போடுகிற நிமிடங்களெல்லாம் எங்கே போய் விழுகின்றன என்று நீங்கள் என்றைக்காவது யோசித்ததுண்டா? நானும் யோசித்ததில்லை. எங்கள் நல்லகரிசலில் யாருமே யோசித்ததில்லை, யோசிக்கிற அளவுக்கு நேரம் கிடைத்தால் அந்த நேரத்தில் காலை நீட்டிக் கொஞ்சம் படுத்திருப்போம். எங்கள் ஊரில் பெண்கள் எதிரெதிரே வந்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லை, தூங்குனியா என்றுதான் கேட்போம். கேட்கிறவளும் தூங்கியிருக்க மாட்டாள், பதில் சொல்கிறவளும் தூங்கியிருக்க மாட்டாள். விடியும் முன்னே தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து ஹாரன் அடிக்கும், அந்த வேனில் கம்பியைப் பிடித்து நின்றபடியே கண் மூடுகிறவர்கள் உண்டு. திரும்பி வந்தால் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருக்க வேண்டும். தண்ணீர் வந்தால் துணி, துணி முடிந்தால் உலை, உலை முடிந்தால் பிள்ளை, பிள்ளை தூங்கினால் மறுபடியும் ஹாரன்.

நான் கனி, முழுப் பெயர் சண்முகக்கனி. மூத்தவன் முகிலன் அங்கன்வாடிக்குப் போகிறான், சின்னவள் இளமதி இன்னும் பால்குடி. வீட்டுக்காரர் வேல்ச்சாமி காற்றாலைக்குக் காவல், ஒரு வாரம் பகல் என்றால் மறுவாரம் இரவு, எந்த வாரமானாலும் வீட்டுக்கு வந்தால் தூங்குவார். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி பேச்சியம்மாள் அக்கா இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர், அதாவது என் பெரிய மச்சான், லாரியில் போனால் எப்போது வருவார் என்று லாரிக்கே தெரியாது. அக்கா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள். கையும் வேகம், வாயும் வேகம்.

டவுனில் பெண்களுக்கு இலவசப் பயிற்சி என்று சொன்னதும் நான் தையலுக்குத்தான் போனேன். தையல் நிறைந்துவிட்டது, அழகுக்கலையும் நிறைந்துவிட்டது, வீடியோ எடுக்கவும் வெட்டி ஒட்டவும் கற்றுத்தருகிற வகுப்பில் மட்டும் இடம் இருக்கிறது, சேர்கிறாயா என்று கேட்டார்கள். கம்ப்யூட்டர் சூடாகாமல் இருக்க அந்த அறைக்கு மட்டும் ஏசி போட்டிருக்கிறது என்றார்கள். ஏசி என்ற சொல் காதில் விழுந்த உடனே நான் பெயரைக் கொடுத்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து பிள்ளையோடு சேர்ந்து நானும் ஒரு தூக்கம் போடலாம் என்பதுதான் என் திட்டம்.

திட்டம் பலிக்கவில்லை, ஏனென்றால் பெனிட்டா மேடம் நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். மேடம் என்றாலும் என்னைவிடச் சின்னவள், கல்யாணம் ஆகாதவள், அதனால் முகத்தில் தூக்கம் இருந்தது. முதலில் தள்ளி நின்று இடத்தைக் காட்டு, பிறகு நெருங்கி ஆளைக் காட்டு, பிறகு இன்னும் நெருங்கிக் கையைக் காட்டு, கண்ணைக் காட்டு என்பாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைப்பது போல முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக் கேமராவைப் பிடி, மூச்சை விட்டுவிட்டு எடு என்பாள். எதை எடுத்தாலும் அது தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எடுக்கத் தொடங்கு, முடிந்த பிறகும் கொஞ்சம் விட்டு நிறுத்து, அந்தத் தலையும் வாலும்தான் பிறகு ஒட்டும்போது உதவும் என்பாள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒரு நீளக் கோட்டில் கொடியில் துணி காயப்போடுவது போல வரிசையாகப் போட்டு, வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை வெட்டு, வெட்டிய இடத்தை இழுத்து மூடு என்பாள். எனக்கு எல்லாம் புரிந்தது. வெண்டைக்காய் நறுக்கத் தெரிந்தவளுக்கு இது புரியாமல் போகாது.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்குச் சரியாகப் புரியவில்லை, புரியவில்லை என்பதும் தெரியவில்லை. வகுப்பில் எல்லாருக்கும் ஒரே கேமரா, என் முறை வரும்போதெல்லாம் இளமதி பாலுக்கு அழுவாள், நான் எட்டி நின்று பார்த்ததோடு சரி. கேமராவில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும் என்று சொன்னது காதில் விழுந்தது. சிவப்பு எரிந்தால் நில் என்று எனக்கு ரயில்வே கேட் எப்போதோ சொல்லிக்கொடுத்திருந்தது.

அதனால்தான் பேச்சியம்மாள் அக்காவின் தம்பி மகனுக்குக் காது குத்தியபோது அப்படி ஆயிற்று. வெளியாளைக் கூப்பிடுவானேன், நம்ம கனி படிக்கிறாளே, அவளே எடுக்கட்டும் என்று அக்காதான் பெருமையாகச் சொல்லியிருந்தாள். மேடத்திடம் வகுப்புக் கேமராவை இரவல் வாங்கிவந்து, அய்யனார் கோயிலில் மொட்டை, காதுகுத்து, கிடா விருந்து எல்லாவற்றையும் நான் பம்பரமாகச் சுற்றிச் சுற்றி எடுத்தேன். சிவப்பு எரிந்தபோதெல்லாம் நின்று இளைப்பாறினேன், கேமராவைத் தொங்கவிட்டேன், ஓரமாக வைத்தேன். சிவப்பு அணைந்ததும் ஓடிப்போய் மாமன் மடியை எடுத்தேன், ஆசாரியின் ஊசியை எடுத்தேன், பிள்ளையின் கண்ணீரை எடுத்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் மாமன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்காரப் போகிறார், அதோடு படம் முடிகிறது. அடுத்த படம் தொடங்கும்போது பிள்ளை தோடு போட்டுக்கொண்டு வெல்லம் தின்கிறான்.

சிவப்பு எரிந்தபோதுதான் கேமரா ஓடியிருக்கிறது, அதனால் விழுந்ததெல்லாம் சும்மா இருந்த நேரம். பொங்கல் பொங்கக் காத்திருந்த பெண்கள் வேப்பமரத்தடியில் காலை நீட்டிக்கொண்டு, ஒருத்தரும் ஒன்றும் பேசாமல் இருந்த நேரம். கொட்டுக்காரர் கொட்டின் மேலேயே தலைவைத்து இருந்த நேரம். தரை, தூசி, ஒரு கோழி, யாருடைய கால் என்று தெரியாத ஒரு கால். நான் மத்தியான நேரங்களில் இளமதியைச் சேலைத் தொட்டிலில் போட்டு, தொட்டில் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே, பயிற்சி நிலையத்தில் கொடுத்த பழைய லேப்டாப்பில் வெட்டினேன், வெட்டினேன், வெட்டிக்கொண்டே இருந்தேன். வெட்டி முடித்தபோது கொடியில் துணியே இல்லை.

கீழே குனிந்தால் மேசைக்கடியில் சின்ன வெங்காயத் தோல் மாதிரி ஏதோ குவிந்து கிடந்தது. மெல்லிசாக, வெளிச்சம் ஊடுருவுகிறதாக, தொட்டால் சரசரவென்று. குழம்புக்கு உரித்ததை முகிலன் அள்ளிக்கொண்டு வந்து கொட்டியிருப்பான் என்று நினைத்து முறத்தில் கூட்டி மூலையில் வைத்தேன். உலை போட்டிருந்தேன், அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் அக்கா வந்தாள். வேனில் இருந்து இறங்கிய கையோடு, தலையில் கட்டிய துண்டை அவிழ்க்காமல், கையில் குச்சி மருந்து வாடையோடு வந்து நின்றாள். அவள் தம்பி பெண்டாட்டி போனில் பேசியிருக்கிறாள்.

“ஏத்தா கனி, காது குத்துனது எங்க?”

“அது விழலக்கா.”

“என் தம்பி மவன் காதுல ஓட்டை இருக்கு. அது எப்படி வந்துச்சுன்னு உன் வீடியோவுல இல்ல. நாளைக்கு அவன் பெரியவனாகி, பிறக்கும்போதே ஓட்டையோட பிறந்தேன்னு ஊரெல்லாம் சொல்லப்போறான்.”

சொல்லிக்கொண்டே சுவரோடு சாய்ந்து முறத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், கையை ஊன்றினாள், ஊன்றிய கை தோல்களின் மேல் பட்டது. அடுத்த வசவு வாயில் வந்தது எனக்குத் தெரிந்தது, அது வெளியே வரவில்லை. கண் மூடியது. நான் அடுப்புப் பக்கம் திரும்பித் திரும்புவதற்குள் கண்ணைத் திறந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி நெட்டி முறித்தாள். உலை இன்னும் கொதிக்கக்கூட இல்லை. ஆனால் அக்காவின் கன்னத்தில் வெகுநேரம் பாயில் படுத்து எழுந்த ஆளுக்கு இருக்கிற மாதிரி கோடு விழுந்திருந்தது.

வேப்பமரத்தடியில் அந்தப் பெண்களோடு காலை நீட்டிப் படுத்திருந்ததாகச் சொன்னாள். காற்று வந்ததாம். பொங்கல் பொங்கவே இல்லையாம், பொங்க வேண்டும் என்ற அவசரமும் அங்கே இல்லையாம். பிறகு உள்ளங்கையில் ஒட்டியிருந்த தோலை உற்றுப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“அங்க யாரும் என்னையக் கூப்பிடல கனி.”

மறுநாள் வேனில் சொல்லிவிட்டாள். வேனில் சொன்னால் அது ஊருக்குச் சொன்னதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள், ரேஷன் கடைக்கு வருவது போலப் பையோடு வந்தவர்களும் இருந்தார்கள். யாரும் இது எப்படி நடக்கும் என்று கேட்கவில்லை. எவ்வளவு நேரம் கிடைக்கும், பிள்ளையோடு படுக்கலாமா, ஈரக் கையோடு தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா என்றுதான் கேட்டார்கள். ஆளுக்கொரு தோலைக் கொடுத்தேன். கன்னத்தில் வைத்துச் சுவரில் சாய்வார்கள், சாய்ந்ததும் எழுவார்கள், கடிகாரம் நகர்ந்திருக்காது, முகம் மட்டும் நகர்ந்திருக்கும்.

கொஞ்ச நாளில் எங்களுக்கு எல்லாம் பழகிவிட்டது. மூடியிருக்கிற சம்படத்தில் வைத்தால் தோல் நொறுங்காது என்று கண்டுபிடித்தோம். பந்தியில் எடுத்த நிமிடத்தில் படுத்தால் சாம்பார் வாசனையில் பசி வந்துவிடும், அதனால் அது சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கு. மேளத்துக்குப் பக்கத்தில் எடுத்தது காது மந்தமானவர்களுக்கு. பின்னால் சம்பந்தி வீட்டார் முணுமுணுக்கிற நிமிடம் ஒன்று இருந்தது, அதில் படுத்தவள் எழுந்து நேராகப் போய் மாமியாரோடு சண்டை போட்டாள், அதை எடுத்துத் தனியாக மிளகாய் டப்பாவுக்குப் பின்னால் வைத்தோம். ஒரு வெள்ளாடு வாசலில் விழுந்த தோல் ஒன்றைத் தின்றுவிட்டு அன்றைக்கு முழுவதும் யாரையும் முட்டாமல் நின்றது. ஆண்கள் இதெல்லாம் பொம்பளைகள் வேலை என்று சிரித்தார்கள், பிறகு தங்கள் வீட்டுப் பெண்களிடம் சொல்லி ஒன்றிரண்டு வாங்கிவரச் சொன்னார்கள். வேல்ச்சாமி ஒன்றை டிபன் டப்பாவில் வைத்துக் காற்றாலைக்குக் கொண்டுபோனார், இரவு முழுவதும் விழித்திருந்து காவல் காத்ததாகச் சூப்பர்வைசர் பாராட்டினாராம்.

பிறகு சண்டை வந்தது, வராமல் இருக்குமா. காதுகுத்து வீட்டார் கோயில் கமிட்டியில் வந்து, விசேஷம் எங்களுடையது, நிமிடமும் எங்களுடையது என்றார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்களின் வீட்டார், உட்கார்ந்தது எங்கள் ஆட்கள் என்றார்கள். கமிட்டித் தலைவர் நெடுநேரம் மீசையைத் தடவிவிட்டு, ஒரு நிமிடத்தில் நாலு பேர் இருந்தால் நாலாகக் கிழித்துக் கொடுத்துவிடலாமா என்று என்னைக் கேட்டார். கிழித்தால் ஒருத்திக்குக் கால் மட்டும் தூங்கும், இன்னொருத்திக்குத் தலை மட்டும் தூங்கும் என்று சொன்னேன். பேச்சியம்மாள் அக்கா எழுந்து, உட்கார்ந்திருந்தவளுக்கே தான் சும்மா உட்கார்ந்திருந்தது தெரியாது, தெரியாத சொத்துக்கு எப்படிப் பாகம் பிரிப்பீர்கள் என்று கேட்டாள். அதோடு கூட்டம் கலைந்தது. எடுத்தவர்கள் படுத்து எழுந்து அப்படியே திருப்பி வைக்க வேண்டும், போகும்போது கனி வீட்டு வாசலைப் பெருக்கிவிட்டுப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து என் வாசலைப் போலச் சுத்தமான வாசல் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. கிளறுவதற்கு ஒன்றும் இல்லாமல் என் கோழிகள் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயின.

ஆனால் எந்தத் துணியும் துவைக்கத் துவைக்க நைந்துதானே போகும். வேப்பமரத்தடி நிமிடம்தான் எல்லாருக்கும் பிடித்தது. அதில் ஊரே படுத்து எழுந்து, கடைசியில் அந்த மரம் இலை உதிர்ந்த மரமாகிவிட்டது, உட்கார்ந்திருந்த பெண்களின் முகம் அழிந்து கால் மட்டும் தெரிந்தது. புதியது வேண்டும் என்றார்கள். அதற்குள் நான் சிவப்புப் புள்ளியின் அர்த்தத்தைக் கற்றுக்கொண்டுவிட்டேன். வேண்டிய இடத்தில் அழுத்தினேன், வேண்டாத இடத்தில் நிறுத்தினேன், பெனிட்டா மேடம் முதுகில் தட்டிக்கொடுத்தாள், டவுன் ஸ்டுடியோவில் இருந்து தாங்கள் எடுத்த கல்யாணங்களையும் வெட்டித் தரச் சொல்லி அனுப்பினார்கள். என் வீடியோ நன்றாக ஆக ஆக மேசைக்கடியில் விழுவது துணுக்காகிக்கொண்டே வந்தது. ஒரு கொட்டாவி அளவுக்குக்கூடக் காணாது. நீ படிச்ச படிப்புப் போதும்த்தா, பழையபடி தெரியாமலேயே எடு என்று வேனில் போகிற பெண்கள் ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்களே ஒரு வழியும் கண்டுபிடித்தார்கள். அடுத்து வந்த கல்யாணத்தில் ஊரே சும்மா இருப்பது என்று பேசிவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பரிமாறுகிறவர் வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்தார், கொட்டுக்காரர் உட்கார்ந்தார், தாலியைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை உட்கார்ந்தே இருந்தான். நல்ல நேரம் போகப்போகிறது என்று பூசாரி கெஞ்சிய பிறகுதான் கட்டினான். அத்தனையும் எடுத்து வந்து வெட்டினேன், தோலும் பெரிது பெரிதாக விழுந்தது. படுத்துப் பார்த்தவர்கள் உடனே எழுந்து வந்துவிட்டார்கள். கஞ்சி போட்ட துணி மாதிரி விறைப்பாக இருக்கிறதாம், உள்ளே இருக்கிற எல்லாரும் கண்ணைச் சிமிட்டாமல் தங்களையே பார்க்கிறார்களாம். ஆள் இல்லாத பந்தலை எடுத்துப் பார்த்தோம், பூட்டிய வீட்டில் படுத்த மாதிரி குளிர் அடித்தது. கேமராவை மறந்த ஆள் ஒருத்தராவது உள்ளே இருந்தால்தான் அதில் இன்னொருத்தர் தூங்க முடியும் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

அப்புறம் பெனிட்டா மேடம் சொன்ன வால்தான் கைகொடுத்தது. குடும்பத்தோடு மேடையில் நிற்பார்கள், சிரிப்பார்கள், முடிஞ்சுதா என்பார்கள், முடிஞ்சுது என்பேன், ஆனால் நிறுத்த மாட்டேன். முடிந்தது என்று கேட்ட உடனே எல்லாரும் தலையில் இருந்து குடத்தை இறக்குவது போல முகத்தைக் கீழே இறக்கி வைப்பார்கள். தோள் தொங்கும், ஒரு அம்மா செருப்புக்குள் இருந்து காலை மெதுவாக வெளியே எடுப்பாள், ஒரு சித்தப்பா எதையும் பார்க்காமல் எதையோ பார்த்துக்கொண்டு நிற்பார். நான் நிறுத்தவில்லை என்று எல்லாருக்கும் தெரியும், ஊருக்கே தெரியும், இருந்தும் முடிந்தது என்று காதில் விழுந்தால் உடம்பு நம்பிவிடும். அந்த நிமிடங்கள்தான் கெட்டியாக, மிருதுவாக, குழந்தைத் துணி மாதிரி இருந்தன.

இப்படியாக நல்லகரிசல் தூங்க ஆரம்பித்தது. பெண்களின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு வெளுத்தது, வேனில் பாட்டுக்கூடக் கேட்டதாம். தூங்காமல் இருந்தது நான் ஒருத்திதான்.

அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை, சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பகலில் விசேஷம், மத்தியானம் லேப்டாப், நடுநடுவே பால், சோறு, தண்ணீர், வாசலுக்கு வருகிறவர்களுக்குச் சம்படம் திறந்து கொடுப்பது. நானும் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்காமல் இல்லை. வைத்தால் உள்ளே போகிறேன், மர நிழல் இருக்கிறது, காற்றும் இருக்கிறது, ஆனால் வெட்டும்போது அதையே திரும்பத் திரும்பப் பார்த்தவள் நான். இந்தத் தாத்தா இப்போது இருமப்போகிறார் என்று தெரியும், அந்த இருமலுக்காகக் காத்திருப்பேன். இருமி முடித்ததும் இந்த இடத்தில் வெட்டியிருக்கலாமே என்று விரல் துடிக்கும். எழுந்து வந்தால் இன்னும் ஒரு வேலை செய்துவிட்டு வந்த களைப்புத்தான் மிஞ்சும்.

ஒரு நாள் காலையில் கொல்லைப்புறத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, கால் மேல் இளமதியைப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். வெந்நீரை மொண்டு ஊற்றினேன், தேய்த்தேன், மொண்டு ஊற்றினேன். அதற்கப்புறம் ஊற்றியது எனக்குத் தெரியாது. கண் திறந்தபடிதான் இருந்ததாம், கை செம்பைச் சாய்த்தபடியே இருந்ததாம், தண்ணீர் பிள்ளையின் முகத்தில் விழுந்துகொண்டே இருந்ததாம். தோல் ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு வாசல் பெருக்க விளக்குமாற்றோடு சுற்றி வந்த பேச்சியம்மாள் அக்கா அதைப் பார்த்திருக்கிறாள். அவள் பிள்ளையைப் பறித்துக் குப்புறப் போட்டு முதுகில் தட்டிய சத்தத்தில்தான் நான் திரும்பி வந்தேன். இளமதி இருமினாள், கக்கினாள், பிறகு ஊரே கேட்கிற மாதிரி அழுதாள். அந்த அழுகையைப் போல நல்ல சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அக்கா என்னைத் திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை. பிள்ளையைத் துவட்டி, சாம்பிராணி காட்டி, பொட்டு வைத்து, தொட்டிலில் போட்டு, கயிற்றைத் தன் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஊருக்கெல்லாம் குடுக்கியே, நீ ஒண்ண எடுத்து வச்சுக்கிட வேண்டியதுதான?”

“நான் வெட்டுனதுல எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குதுக்கா.”

“அப்ப நான் வெட்டுதேன்.”

அப்படித்தான் அக்கா மவுஸைப் பிடித்தாள். முதல் நாள் தேள் கொடுக்கைத் தொடுவது மாதிரி தொட்டாள், இரண்டு நாளில் தீக்குச்சி அடுக்குகிற வேகம் கைக்கு வந்துவிட்டது. நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, எந்த இடத்தில் ஒருத்தர் சலித்துப்போகிறார் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. நான் எடுத்திருந்த ஒரு வளைகாப்பை வெட்டினாள், அகலமான தோல் ஒன்று விழுந்தது, ஊதித் தூசி தட்டி என் கன்னத்தில் தானே வைத்தாள். உள்ளே போனேன். வளையல் சத்தம் ஓய்ந்திருந்தது, பெண்கள் ஜமுக்காளத்தில் சாய்ந்திருந்தார்கள், எனக்கும் ஜமுக்காளத்தில் இடம் இருந்தது. ஆனால் என்னால் உட்கார முடியவில்லை. மணிக்கட்டு வலித்தது, முழங்கை உடம்போடு ஒட்டியிருந்தது, மூச்சை விட்டுவிட்டு அசையாமல் நின்றுகொண்டிருந்தேன். அந்த நிமிடத்திலும் நான் கேமராவுக்குப் பின்னால்தான் இருந்தேன்.

எழுந்து வந்து சொன்னேன். அக்கா லேப்டாப்பில் இருந்த எல்லா விசேஷத்தையும் ஓடவிட்டுத் தேடினாள், காதுகுத்தில் இருந்து வளைகாப்பு வரைக்கும் தேடினாள். ஊரில் இருக்கிற எல்லாரும் இருந்தார்கள், செத்துப்போன நாய்கூட இருந்தது. நான் ஒரு மூலையில்கூட இல்லை. ஒரே ஒரு இடத்தில் தரையில் என் நிழல் விழுந்திருந்தது, அதையும் அழகாக இல்லை என்று நானே வெட்டியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வராது. முகிலனை அவன் அப்பாவோடு கண்மாய்க்கு அனுப்பிவிட்டு, இளமதியைத் தூங்கவைத்துவிட்டு, நான் சும்மா இருக்கிற நிமிடம் ஒன்றை எடுப்பதற்காக அக்கா கேமராவை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்துக்கு வந்தாள். சிவப்பு எரிந்தால் ஓடுகிறது என்று அர்த்தம், நிற்கிறது என்று அர்த்தமில்லை என்று முதல் வேலையாகச் சொல்லிவைத்தேன். நான் என்ன உன்னை மாதிரியா என்றாள். துவைக்கிற கல்லில் என்னை உட்காரச் சொன்னாள். முதலில் தள்ளி நின்று இடத்தைக் காட்டினாள், பிறகு நெருங்கி வந்தாள்.

நான் முந்தானையைச் சரிசெய்தேன், முடியை ஒதுக்கினேன், சிரித்தேன்.

“பல்லக் காட்டாத. பொண்ணு பாக்கவா வந்திருக்காக?”

சிரிப்பை விட்டேன். கை சும்மா இருக்கவில்லை, பக்கத்தில் கிடந்த அகத்திக்கீரையை எடுத்து உருவத் தொடங்கியது. கீழே போடு என்றாள், போட்டேன். கால் அங்கே கிடந்த சோப்புத் துண்டைத் தள்ளி ஓரமாக வைக்கப் பார்த்தது, காலையும் இழுத்துக்கொள் என்றாள். உள்ளே தொட்டில் ஆடுகிறதா என்று காது போனது. காதை என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வெயில் சுவரில் இருந்து இறங்கிக் கல்லுக்கு வந்தது. சும்மா இருப்பது இவ்வளவு வேலையாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அக்காவின் கை வலித்திருக்க வேண்டும், இடது கைக்கு மாற்றிப் பிடித்தாள்.

“போதுமா கனி, நிறுத்தட்டுமா?”

“நிறுத்தாதக்கா. முடிஞ்சுதுன்னு மட்டும் சொல்லு. சொல்லிட்டு, நான் மறக்குற வரைக்கும் எடுத்துக்கிட்டே இரு.”